படித்துக் காட்டப்பட்டது

நான் சொன்ன வாக்கியத்தை இன்னொருவர் வாயால் நான் கேட்ட நாள், போன ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை.

கோவிந்தப்பா எங்கள் கோர்ட்டின் அரசு வக்கீல். தும்கூர் பக்கத்துக்காரர், நல்ல மனிதர், யார் வீட்டுக் கல்யாணமானாலும் முதல் பந்தியில் பார்க்கலாம். அன்று ஒரு அடிதடி வழக்கில் இறுதி வாதம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சாட்சியக் காகிதத்தை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு கன்னடத்தில் வாசித்தார். "சம்பவத்தன்று காலை ஐந்து மணிக்கு என் மகன் வெளியே போனது உண்மை. ஆறு மணிக்குத் திரும்பி வந்தான்." காகிதத்தை இறக்கினார். "பெத்த தாயே ஒத்துக்கிட்டா மேடம். அடி விழுந்தது அஞ்சரைக்கு. இதுக்கு மேல நான் என்ன சொல்றது?"

மாஜிஸ்திரேட் வீணா மேடம் ஏதோ குறித்துக்கொண்டார். மேடைக்குக் கீழே என் மேஜையில் நான் தேதி போடும் டைரியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அந்தத் தாய் அப்படிச் சொல்லவில்லை. அப்படிச் சொன்னவள் நான்.

என் பெயர் ஜூடித். பெங்களூர் விவேக் நகரில் பிறந்து விவேக் நகரிலேயே வாழ்க்கைப்பட்டவள். வயது ஐம்பத்தாறு, ஓய்வுக்கு இன்னும் நாலு வருஷம். பெஞ்ச் கிளார்க் வேலை. கேஸ் கட்டுகளை எடுத்து வைப்பது, சாட்சிக்குச் சத்தியம் செய்து வைப்பது, அடுத்த தேதி போடுவது, வக்கீல்களின் முணுமுணுப்பைக் கேட்டுக்கொள்வது, எல்லாம் என் பாடு. மொழிபெயர்ப்பு அதில் சேராது. ஆனால் அதற்கென்று தனி ஆள் எங்கள் கோர்ட்டில் இல்லை. தமிழ் மட்டுமே பேசும் சாட்சி வந்தால் "ஜூடித் அவ்ரே, ஸ்வல்ப நோடி" என்பார்கள், கொஞ்சம் பாருங்கள் என்று. நான் எழுந்து போய்க் கூண்டுக்குப் பக்கத்தில் நிற்பேன். பதினோரு வருஷமாக நிற்கிறேன். அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது, பெருமை மட்டும் ஏகத்துக்கும் இருந்தது.

எதற்குப் பெருமை என்றால், சுருக்குவதற்கு. நம் ஜனங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னதாகச் சரித்திரமே இல்லை. "உங்க கடையிலேர்ந்து அந்த இடம் எவ்ளோ தூரம்?" என்று கேட்டால், கடையை வாடகைக்கு எடுத்த கதையில் ஆரம்பிப்பார்கள். மேலே மேடம் பேனாவை உருட்டுவார். ஸ்டெனோ விஜி விரல்களைக் கீபோர்டில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்ப்பாள். பின்னால் எண்பது வழக்கு காத்திருக்கும். நான் ஐந்து நிமிஷப் பேச்சை ஐந்து சொல்லாக்கிக் கொடுப்பேன். ஜட்ஜுகள் வந்தார்கள், மாற்றலாகிப் போனார்கள். போகும்போது எல்லாரும் என்னை மெச்சிவிட்டுத்தான் போனார்கள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. டைப் செய்த சாட்சியத்தைச் சாட்சிக்கு அவருடைய மொழியில் படித்துக் காட்டி, சரி என்று அவர் சொன்ன பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். சட்டம் அப்படி. பக்கத்தின் அடியில் "தமிழில் படித்துக் காட்டப்பட்டது, சரி என்று ஒப்புக்கொள்ளப்பட்டது" என்று கன்னடத்தில் ஒரு வரி இருக்கும். அதன் கீழே மொழிபெயர்த்தவரும் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சி கூண்டில் ஏறுவதற்கு முன்பே விஜி அந்த வரியை டைப் செய்து வைத்துவிடுவாள். நான் விரலால் இடத்தைக் காட்டுவேன், சாட்சி போடுவார், நான் போடுவேன், அடுத்த கேஸ். பதினோரு வருஷத்தில் ஒரு சாட்சியத்தைக்கூட நான் முழுசாகப் படித்துக் காட்டியதில்லை. இதைச் சொல்லும்போது இப்போது கூசுகிறது. அப்போது துளியும் கூசவில்லை.

இந்த வழக்கு சரவணன் என்பவன் மேல். கம்பி கட்டும் வேலைக்காரன், இருபத்துமூன்று வயது. அந்த ஆகஸ்டுக்கு முந்தின வருஷம் ஏப்ரலில் எங்கள் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தில் சூபர்வைசரை யாரோ விடியற்காலையில் பின்னாலிருந்து அடித்ததில் அவருக்கு ஒரு கண் போய்விட்டது. முந்தின நாள் அவரோடு சண்டை போட்டவன் சரவணன். ஓடியவனின் முதுகை அரை வெளிச்சத்தில் பார்த்த வாட்ச்மேன், "சரவணன் மாதிரி இருந்தது" என்றான். போலீஸுக்கு அது போதும். ஜாமீன் கிடைத்தது, ஆனால் ஜாமீனுக்கு நிற்க இந்த ஊரில் அவனுக்கு ஆள் கிடைக்கவில்லை. பதினாறு மாதமாக ஜெயிலில் இருந்தான்.

அவன் அம்மா வள்ளியம்மா கள்ளக்குறிச்சிப் பக்கம். மகனோடு பெங்களூர் வந்து மூன்று வருஷம், நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். கடையில் தக்காளி வாங்கும் அளவுக்குக் கன்னடம் வரும். கோர்ட்டுக் கன்னடம் வராது. அந்த நேரத்தில் மகன் வீட்டில் இருந்தான் என்பதற்கு அவள் ஒருத்திதான் சாட்சி. அக்கம்பக்கத்துக் குடித்தனக்காரர்கள் போலீஸ் என்றதும் ஒதுங்கிவிட்டார்கள்.

ஜூன் மாதம் அவளைக் கூண்டில் ஏற்றினார்கள். "எம்புள்ள வூட்லதான் இருந்தான்" என்று முதலில் தெளிவாகவே சொன்னாள். பிறகு கோவிந்தப்பா குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது மணி ஒன்று ஐம்பத்தைந்து, இரண்டு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை. "அன்று காலை ஐந்து மணிக்கு உன் மகன் வெளியே போனானா, இல்லையா?" நான் தமிழில் கேட்டேன். வள்ளியம்மா என் பக்கம் நன்றாகத் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

"அஞ்சு மணிக்கு காவேரித் தண்ணி வரும்மா, ஒரு நாளு வுட்டு ஒரு நாளு. நாங்க மாடியில இருக்கறம், கொழா கீழ வெளியில. ஆறு குடுத்தனத்துக்கும் அது ஒண்ணுதான். எங்க மொறைக்கு அவன்தான் கீழ போயி நிப்பான். கொடத்த ரொப்பி ரொப்பி குடுப்பான், நான் படியில நின்னு வாங்கி மேல ஏத்துவேன். அன்னிக்கும் அப்டித்தான். எங்கண்ணு முன்னாலயேதான் நின்னுனு இருந்தான். ஆறு மணிக்கி தண்ணி நின்னுச்சி. மேல வந்தான், டீ போட்டுக் குடுத்தேன், அப்பறம்..."

"கதெ பேடா, ஜூடித் அவ்ரே. உத்தர ஹேளி" என்றார் மேடம். கதை வேண்டாம், பதிலைச் சொல்லுங்கள்.

சொன்னேன். "ஆமாம். ஐந்து மணிக்கு வெளியே போனான், ஆறு மணிக்குத் திரும்பி வந்தான்." விஜியின் விரல்கள் தட்டி முடித்தன. அதில் பொய் ஒன்றும் இல்லை. அவள் சொன்னதிலிருந்து எடுத்ததுதான். சரவணனின் வக்கீல் ராகேஷ், இலவச சட்ட உதவியில் வந்தவர், ஹாசன்காரர், தமிழ் தெரியாது. கன்னடத்தில் கேட்டதும் அவர் முகம் சுண்டியது, தன் சாட்சியே காலை வாரிவிட்டாள் என்று நினைத்திருப்பார். மறுபடி ஏதாவது கேட்டு எசகுபிசகாகிவிடும் என்று பயந்து உட்கார்ந்துவிட்டார். சரவணன் ஜெயிலிலிருந்து வீடியோவில், சுவர்த் திரையில் தெரிந்தான். இங்கே பேசுவது அங்கே பாதிதான் கேட்கும், இதை நாங்கள் யாரும் ஒரு குறையாக எடுத்துக்கொள்வதில்லை. வள்ளியம்மா எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். நான் போட்டேன். சாப்பிடப் போய்விட்டோம்.

அந்த வாக்கியத்தைத்தான் ஆகஸ்டில் கோவிந்தப்பா வாசித்தார். தீர்ப்புக்கு இரண்டு வாரம் கழித்துத் தேதி போட்டார் மேடம். அந்தத் தேதியை டைரியில் எழுதியதும் நான்தான்.

மதியம் வராந்தாவில் வள்ளியம்மா எனக்காக நின்றிருந்தாள். என்னைக் கண்டதும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வந்தாள். நான் சட்டென்று கேட்டேன், "வள்ளியம்மா, அன்னிக்கு தண்ணி புடிக்கும்போது நடுவுல அவன் எங்கயாச்சும் போனானா?"

"எங்கம்மா போவான்? மொறைய வுட்டுட்டுப் போனா அடுத்தவன் கொடத்த வெச்சிருவானே. தண்ணி நிக்கற வரைக்கும் நின்னான்." அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் வளவளன்னு பேசனத நீங்க நறுக்குனு எடுத்துச் சொன்னீங்க பாருங்க, அன்னிக்கே நெனச்சேன், இந்தம்மா நம்மளுக்குனு வந்து நிக்கறாங்கன்னு. பெரிய மனசும்மா உங்களுக்கு."

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். "பாக்கலாம், பாக்கலாம்" என்று கையை விடுவித்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். என்மேலேயே எனக்கு அவ்வளவு அருவருப்பு அதற்கு முன் வந்ததில்லை.

வீட்டில் என் கணவர் ஓஸ்வால்டிடம் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் கூட்டிக் கழித்துத்தான் பார்ப்பார். "நீ இப்ப போயி, நான் படிச்சுக் காட்டலைன்னு சொன்னா, இந்த ஒரு கேஸோட நிக்குமா? பதினோரு வருஷமா நீ கையெழுத்துப் போட்ட அத்தனையும் தோண்டுவாங்க. உள்ள போனவன்லாம் அப்பீலுக்கு வருவான். உனக்கு என்கொயரி, சஸ்பென்ஷன். நாலு வருஷம்தான் இருக்கு, பேசாம இரு ஜூடி."

"அந்தப் புள்ளைக்கு மூணு வருஷம் போடுவாங்க."

"அவன் பண்ணலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

தெரியாதுதான். அவன் அம்மா பொய்கூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் சொன்னதை நம்புவதா வேண்டாமா என்று பார்க்க வேண்டியவர் மேடம். அதை மேடத்தின் காதுக்கே போகவிடாமல் செய்தவள் நான். இதை ஓஸ்வால்டிடம் கத்தித்தான் சொன்னேன். அவர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு எழுந்து போனார். அவர் சொன்னதில் ஒன்று மட்டும் என்னைத் தூங்கவிடவில்லை. அத்தனையும் தோண்டுவார்கள். அத்தனையிலும் நான் என்னென்ன வெட்டிப்போட்டேன் என்று எனக்கே நினைவில்லை.

இரண்டு நாள் கழித்து ராகேஷை ஜெராக்ஸ் கடை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் காதெல்லாம் சிவந்துவிட்டது. "மேடம், இத ஒரு அஃபிடவிட்டா குடுத்துடுங்க, போதும்" என்றார் கன்னடத்தில்.

"என் பேர் வரக்கூடாது."

"அப்புறம் எதை வச்சு நான் மனு போடறது?"

"பதில் முழுசா பதிவாகலைன்னு போடுங்க. சாட்சிய திரும்பக் கூப்பிடச் சொல்லுங்க. அந்தம்மா மறுபடி சொல்லட்டும். இந்தத் தடவ நான் ஒரு எழுத்துக்கூட விடமாட்டேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். என்னைவிட இருபத்தைந்து வயது சின்னவர், அந்தப் பார்வையில் மரியாதை குறைந்திருந்தது. ஆனாலும் மனுப் போட்டார். கோவிந்தப்பா எதிர்த்தார், வழக்கை இழுத்தடிக்கிற வேலை என்றார். மேடம் சிறிது யோசித்துவிட்டு, ஒரே ஒரு விஷயத்தைப் பற்றிக் கேட்க அனுமதித்தார். தப்பித்தோம் என்று நினைத்தேன். வள்ளியம்மாவும் பிழைப்பாள், நானும் பிழைப்பேன் என்று நினைத்தேன். அந்தப் பத்து நாளும் வராந்தாவில் அவள் தலை தெரிந்தால் நான் வேறு பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனேன்.

மறுபடி கூண்டில் ஏறினாள் வள்ளியம்மா. எதற்குத் திரும்பக் கூப்பிட்டார்கள் என்று அவளுக்குச் சரியாகத் தெரியாது. கோர்ட்டில் எல்லாமே இரண்டு மூன்று தடவை நடக்கும் என்று நினைத்திருந்தாள். வேறு ஆள் இல்லாததால் பக்கத்தில் நான்தான் நின்றேன். ராகேஷ் கேட்டார், அவள் சொன்னாள். காவேரித் தண்ணி, ஆறு குடித்தனம், படிக்கட்டு, குடம், டீ. ஒவ்வொன்றையும் கன்னடத்தில் கொடுத்தேன். மேடம் பேனாவை உருட்டினார், நான் நிறுத்தவில்லை. விஜி இரண்டு முறை நிமிர்ந்து பார்த்தாள். ராகேஷ் உட்கார்ந்தபோது அவர் முகத்தில் வெளிச்சம் இருந்தது.

கோவிந்தப்பா எழுந்தார். ஜூன் மாதக் காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"இது உன் கையெழுத்தா?"

நான் தமிழில் கேட்டேன். "எங்கையெழுத்துதாங்க" என்றாள்.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இதை உனக்குத் தமிழ்ல படிச்சுக் காட்டினாங்களா?"

அந்தக் கேள்வியை அவளிடம் நான் கேட்க வேண்டும். கேட்டேன். வள்ளியம்மா என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் கோவிந்தப்பாவைப் பார்த்தாள், மேலே மேடத்தைப் பார்த்தாள். இந்தம்மா ஒழுங்காக வேலை செய்தாளா என்று இவர்கள் கேட்கிறார்கள் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்காரிகளிடம் வேலைக்காரப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி விட்டுக்கொடுக்காமல் நிற்பார்களே, அப்படி நிமிர்ந்துகொண்டாள்.

"படிச்சாங்க சார். நல்லா நிதானமா படிச்சாங்க. எல்லாம் நான் சொன்னபடியேதான் இருந்துச்சி. சரியா இருந்துச்சின்னுதான் கையெழுத்துப் போட்டேன்."

அதைக் கன்னடத்தில் சொல்ல வேண்டியவளும் நான். சொன்னேன். ஒரு எழுத்துக்கூட விடவில்லை. கோவிந்தப்பாவுக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. காகிதம் சரி என்றால், காகிதத்தில் தண்ணீர் இல்லை. தண்ணீர் இப்போது ஜோடித்துக் கொண்டுவந்த கதை. அவர் உட்கார்ந்துவிட்டார். ராகேஷ் தலையைக் குனிந்துகொண்டார். வள்ளியம்மா மட்டும் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள், காப்பாற்றிவிட்டேன் என்பது போல.

விஜி அச்செடுத்த பக்கங்களை என்னிடம் நீட்டினாள். அடியில் அந்த வரி தயாராக இருந்தது. கையெழுத்து வாங்க வேண்டியதுதான் பாக்கி. பேனாவை அவளிடம் கொடுக்காமல், முதல் வரியிலிருந்து தமிழில் உரக்கப் படிக்க ஆரம்பித்தேன். அடுத்த கேஸ் கட்டை எடுத்த மேடம் நிமிர்ந்தார். வக்கீல்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒவ்வொரு வரிக்கும் "சரியா?" என்று கேட்டேன், "சரிம்மா" என்றாள். கடைசி வரிக்கு வந்தேன். "படித்துக் காட்டினார்கள், எல்லாம் சரியாக இருந்தது" என்ற அவள் பதில். "சரியா, வள்ளியம்மா?"

"சரிம்மா."

நான் மேடையின் பக்கம் திரும்பினேன். "மேடம், இந்தப் பதில் சரியில்லை."

"சாட்சியே சரின்னு சொல்றாங்களே" என்றார் மேடம் கன்னடத்தில்.

"எனக்காகச் சொல்றாங்க மேடம். ஜூன்ல நான் படிச்சுக் காட்டலை. தண்ணி பிடிச்சதை இவங்க அன்னிக்கே இதே மாதிரி முழுசா சொன்னாங்க. நான்தான் வெட்டிட்டேன்."

கோவிந்தப்பா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மேடம் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. "யோசிச்சுப் பேசுங்க ஜூடித் அவ்ரே. இதை நான் பதிவு பண்ணணும். உங்க பேர்ல பதிவு பண்ணணும்."

"பண்ணுங்க மேடம்."

வள்ளியம்மா என் முழங்கையைத் தொட்டாள். "இன்னாம்மா ஆச்சி? நான் எதுனா தப்பா சொல்லிட்டனா?"

ஒன்றும் இல்லை என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். அதில்தான் நான் கெட்டிக்காரி ஆயிற்றே. ஆனால் எல்லாவற்றையும் அவளுக்குத் தமிழில் சொன்னேன். ஜூனில் அவள் சொன்னது எவ்வளவு, நான் கன்னடத்தில் சொன்னது எவ்வளவு, அதை வைத்து கோவிந்தப்பா என்ன வாதம் செய்தார், இப்போது அவள் சொன்ன "சரி"யால் என்ன ஆகும் என்று எதையும் விடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவளின் கை என் முழங்கையிலிருந்து மெல்ல இறங்கியது. சுவரில் இருந்த திரையைப் பார்த்தாள். அங்கே அவள் மகன், எதுவும் சரியாகக் கேட்காமல், காதைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அப்ப எம்புள்ளைய உள்ள தள்ளப் பாத்தது நீங்களா?" என்றாள். சத்தம் போடவில்லை. "தெரியாம, வியாழக்கெழம வியாழக்கெழம கொழந்த ஏசு கோயிலுக்குப் போயி உங்க பேரச் சொல்லி மெழுவத்தி ஏத்திக்கினு இருந்தேனே."

"ஏனு ஹேள்தா இதாரெ, ஜூடித் அவ்ரே?" என்று மேடம் கேட்டார். என்ன சொல்கிறார்கள்?

விஜி விரல்களைக் கீபோர்டில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான் கன்னடத்தில் சொன்னேன், வழக்குக்குச் சம்பந்தமே இல்லாத அந்த மெழுகுவத்தியையும் சேர்த்து.